ரசத்தில் தக்காளி போடலாமா?

சிறுநீரகப் பிரிவிலிருந்து வெளியே வருகிற பலர் கையில் ஒரு தாள் இருக்கும். நகலுக்கு நகல் எடுத்து எழுத்து மங்கிப்போன தாள். இடப்பக்கம் 'சாப்பிடலாம்', வலப்பக்கம் 'சாப்பிடக் கூடாது'. வலப்பக்கம்தான் நீளம். இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, உருளைக்கிழங்கு, முருங்கைக்கீரை, தேங்காய், முந்திரி என்று போகிற அந்த வரிசையில் தக்காளியும் பெரும்பாலும் இருக்கும். மற்றவற்றை விட்டுவிடுவது அவ்வளவு கஷ்டமில்லை. இளநீரைத் தினமும் குடிப்பவர்கள் குறைவு. முந்திரி விசேஷ நாள் பண்டம். தக்காளி அப்படியா? ரசம், சாம்பார், குருமா, மீன் குழம்பு, சட்னி என்று அது நுழையாத பாத்திரம் இல்லை. அதனால் தாள் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி அடுப்படியில்தான் கிளம்புகிறது.

பதில் சொல்ல ஆள் இல்லாததால் வீட்டார் தாங்களே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். நோயாளிக்குத் தனிச் சட்டி. அதில் தக்காளி இல்லை, புளி இல்லை, கீரை இல்லை, பருப்பு பாதி. நான்கு நாள் சாப்பிட்டவர் ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளிவிடுகிறார். வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று ஊறுகாய் வருகிறது, அப்பளம் வருகிறது, பிஸ்கட், மிக்சர் வருகிறது. தாளில் இவற்றின் பெயர் இல்லை அல்லது கடைசி வரியில் இருக்கிறது. தக்காளியை வாசலோடு நிறுத்திவிட்டு, அதைவிடக் கெடுதலான உப்பைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருக்கிறோம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

என் கட்சி இதுதான்: தக்காளி மீதான எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் எவ்வளவு, எந்த வடிவில், யாருக்கு என்ற மூன்றையும் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் எழுதிக் கொடுப்பது மருத்துவ ஆலோசனை ஆகாது.

எச்சரிக்கையின் காரணம்

காரணம் பொட்டாசியம். நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைச் சிறுநீரகங்கள்தான் வெளியேற்றுகின்றன. மிச்சம் மலத்தோடு போகும். ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. அளவு 6-ஐத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். துடிப்பு நின்றே போகலாம். முன்னறிகுறி எதுவும் இல்லாமலேயே அது நடக்கலாம் என்பதுதான் இதில் உள்ள பயங்கரம். சிலருக்குக் கை கால் தளர்ச்சி வரும், பலருக்கு அதுவும் வராது. ஆகவே மருத்துவர்கள் பயப்படுவதில் தவறில்லை. அந்தப் பயம் பட்டியலாக மாறிய விதத்தில்தான் கோளாறு.

100 கிராம் தக்காளியில், அதாவது நடுத்தரமான ஒரு பழத்தில், சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இதை மட்டும் தனியே பார்த்தால் பெரிதாகத்தான் தோன்றும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லும் நோயாளிகளுக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் அளவு 2,000-லிருந்து 3,000 மில்லிகிராம் வரை. ஒரே பழம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறதே என்று தோன்றலாம். ஆனால் தக்காளியை ஆப்பிள் போல முழுசாகக் கடித்துச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

ஓர் அரசு மருத்துவமனையில் உணவியல் நிபுணர் ஒருவர் நோயாளியின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்க வாய்த்தது. "ரசத்துக்கு ஒரு தக்காளிகூடப் போடக் கூடாதா மேடம்? வெறும் சோத்த எப்படித்தான் திங்கிறதுங்கிறாரு" என்றார் அந்த அம்மா. நிபுணர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எத்தனை பேருக்கும்மா ரசம் வைக்கிறீங்க?" என்று கேட்டார். ஐந்து பேருக்கு என்று பதில் வந்தது. "எத்தனை பழம்?" ரெண்டு. "பெரிசா, சின்னதா?" நாட்டுப் பழம், சின்னதுதான். "அவரு எத்தனை கரண்டி ஊத்திக்குவாரு?" அந்தக் கேள்விகள் முடிவதற்குள்ளேயே விடை கிடைத்துவிட்டது.

நாமும் போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்கான ரசத்தில் இரண்டு சிறிய தக்காளி, மொத்தம் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 360 மில்லிகிராம் பொட்டாசியம். நெல்லிக்காய் அளவு புளி 10 கிராம் என்றால் அதில் சுமார் 60. கிள்ளிப் போடும் கொத்தமல்லித் தழை 10 கிராமில் 50 போல. ஆக மொத்தம் 470. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 120 மில்லிகிராமுக்குள். இதில் தக்காளியின் பங்கு 90. காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறோமே, அதில் ஊற்றும் 100 மில்லி பாலில் மட்டும் ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. டிகாஷன் கணக்கு தனி. மாலைக் காபியும் சேர்ந்தால் ரசம் எங்கேயோ பின்னால் நிற்கிறது. ஆனால் காபியை யாரும் தனிச் சட்டியில் வைப்பதில்லை.

சாம்பாரையும் பார்த்துவிடலாம். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 1,300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். ஒருவர் பங்குக்கு 25 கிராம் பருப்பு விழுந்தால் 300-ஐத் தாண்டிவிடும். அந்தச் சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு தக்காளி அதற்குக் கால்வாசிகூடத் தேறாது. பருப்பை நிறுத்துங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சைவச் சாப்பாட்டுக்காரருக்குப் புரதத்துக்கு அதை விட்டால் வழி குறைவு. கணக்குப் பார்க்காமல் ஒரு காயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதன் அபத்தத்தைக் காட்டத்தான் சொல்கிறேன்.

சுண்டச் சுண்டக் கூடுவது

தக்காளி உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. அது பழத்தில் இல்லை, சுண்டவைப்பதில் இருக்கிறது. பழத்தில் 94 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகப் போகும், பொட்டாசியம் போகாது. கடையில் விற்கும் தக்காளிக் கூழில் 100 கிராமுக்கு 440 மில்லிகிராம் போல இருக்கும். இன்னும் இறுக்கிய பேஸ்ட் என்றால் 1,000 மில்லிகிராம். வெயிலில் உலர்த்திய தக்காளி அதைவிட மூன்று பங்குக்கும் மேலே போய்விடும்.

நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இந்த வகைதான். ஒரு கிலோ பழத்தை நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கசியும்வரை கிளறுகிறோம். அடுப்பிலிருந்து இறக்கும்போது முழுப் பழமும் ஒரு சின்ன பாட்டிலுக்குள் அடங்கிவிடும். ஒரு கிலோ பழத்தின் 2,400 மில்லிகிராம் பொட்டாசியமும் அந்த பாட்டிலில் இருக்கிறது, கெடாமல் இருக்கப் போட்ட கை உப்போடு. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டி, அரைப் பழத்துக்குச் சமம். ஓட்டல் பனீர் பட்டர் மசாலாவும் இதே ரகம்: கூழைக் குழம்பாக்கி, மேலே முந்திரி விழுது, வெண்ணெய். தக்காளி சூப், தக்காளிச் சாறு இரண்டும் அப்படியே. ஒரு டம்ளர் சாற்றில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று நினைத்துத்தான் சாறு குடிக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு நல்லதுதான்.

ஆக, தாளில் 'தக்காளி' என்று ஒரே சொல்லாக எழுதுவதற்குப் பதில் இரண்டு வரியாக எழுதலாம். குடும்பத்துக்கு வைக்கும் குழம்பிலும் ரசத்திலும் ஒன்றிரண்டு பழம்: அளவோடு. தொக்கு, கூழ், பேஸ்ட், சூப், சாறு: தவிர்க்கவும். இவ்வளவுதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்தில் ஒரு மனிதரின் தினசரிச் சாப்பாடு அடங்கியிருக்கிறது.

ரசத்துக்கே உரிய சிக்கல் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். அதனால்தான் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. உருளைக்கிழங்கை வைத்து அமெரிக்காவில் செய்து 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சின்னச் சதுரங்களாக நறுக்கி வேகவைத்தால் பாதிப் பொட்டாசியம் இறங்கிவிடுகிறது என்று தெரிந்தது. வெறுமனே ஊறப்போட்டால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. இரவெல்லாம் காயை ஊறவைத்துக் காலையில் சமைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஊறவைப்பது போதாது, கொதிக்க வேண்டும். இப்போது ரசத்தை நினைத்துப் பாருங்கள். பருப்பு வெந்த தண்ணீர், கரைத்த புளித் தண்ணீர், பிசைந்த தக்காளித் தண்ணீர் என்று எதையெல்லாம் கொட்டச் சொல்கிறார்களோ அதையெல்லாம் சேர்த்து வைப்பதுதான் ரசம். சக்கையை எடுத்துவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டால் பொட்டாசியம் போய்விடும் என்று நினைப்பவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். சோற்றுக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாம். கடைசியில் டம்ளரில் பிடித்துக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ரசம் தண்ணீர்க் கணக்கிலும் சேரும் என்பது கூடுதல் காரணம்.

தக்காளிக்குப் பதில் வேறு புளிப்பைத் தேடுவதிலும் நிதானம் வேண்டும். புளியில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் என்று படித்துவிட்டு அதையும் விலக்குகிறார்கள். 100 கிராம் புளியை எந்த வீட்டிலும் ஒரு வேளைக்குக் கரைப்பதில்லை. நெல்லிக்காய் அளவு கரைத்தால் பயமில்லை. எலுமிச்சை இன்னும் சௌகரியம். ஒரு பழத்தின் சாற்றில் 50 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். ஆனால் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்புக்குப் போடும் பிலிம்பிக்காய் விஷயம் வேறு. கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-லேயே எழுதியிருக்கிறார்கள். காரணம் அதில் உள்ள ஆக்சலேட். அதன் உறவுக்காரப் பழமான நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு விஷம் என்றே சொல்லலாம். விடாத விக்கலில் தொடங்கி, வலிப்பு, நினைவிழப்பு வரை போயிருக்கிறது. மேலே சொன்ன தாள்களில் தக்காளிக்கு இருக்கும் இடம் நட்சத்திரப் பழத்துக்கு இல்லை என்பதை என்னவென்று சொல்வது!

உப்பு என்னும் முதல் எதிரி

100 கிராம் தக்காளியில் சோடியம் வெறும் 5 மில்லிகிராம். அதே தக்காளி சாஸ் பாட்டிலுக்குள் போய்த் திரும்பினால், மேசைக்கரண்டி ஒன்றில் 150 மில்லிகிராம். பொட்டாசியத்தை மட்டும் பார்க்கும் பட்டியலில் சாஸ் சாதுவாகத் தெரியும். ஒரு கரண்டியில் 50 மில்லிகிராம்தான். சிறுநீரக நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் கால் வீக்கத்தையும் ஏற்றிவிடுவது உப்பு. அழுத்தம் ஏறினால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் சீக்கிரம் தேயும். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சராசரி இந்தியர் 8 கிராம் வரை சாப்பிடுகிறார்.

உப்பைக் குறைத்தால் சாப்பாடு இறங்காது என்பதுதான் எல்லா வீட்டுப் புகாரும். அதற்குப் பழைய கைவைத்தியம் புளிப்பு. புளிப்பு கூடினால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாக உறைக்காது. சமைக்கிறவர்களுக்கு இது தெரியும். எனவே அளவான தக்காளியும், கொஞ்சம் எலுமிச்சையும், மிளகு சீரகமும் உப்பைக் குறைக்கத் துணைசெய்யக்கூடியவை. அவற்றைப் பிடுங்கிவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? தக்காளியைத் தடுப்பதால் வரும் மறைமுக நஷ்டம் இது. எந்தப் பட்டியலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு பொறி மளிகைக் கடையில் காத்திருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று கூடுதல் விலைக்கு விற்கும் பாக்கெட். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடின் எடையில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம். அந்த உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 5 கிராம் சாப்பிடுகிறவர் உடம்பில் 650 மில்லிகிராம் பொட்டாசியம் சேரும். இரண்டரைத் தக்காளிக்கும் மேல். தக்காளியில் இருப்பதை நார்ச்சத்து பிடித்துவைத்து ஒரு பகுதியை வெளியே அனுப்பும். உப்பில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதுமாக ரத்தத்தில் கலக்கும். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கியிருக்கிறது. ரத்த அழுத்தக்காரர் என்று அக்கறையோடு இந்த உப்பை வாங்கிக்கொடுக்கும் மகன், அப்பாவின் தட்டில் தக்காளித் தோல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சாப்பாடு மட்டுமே காரணமா?

பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று பரிசோதனைத் தாள் வந்தவுடன் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். என்ன சாப்பிட்டீர்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தீர்களா? பல நேரம் குற்றவாளி பந்தியில் இல்லை, மாத்திரை டப்பாவில் இருப்பார். டெல்மிசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பவை. கூடவே பொட்டாசியத்தை ஏற்றவும் செய்பவை. ஸ்பைரனோலாக்டோன் இன்னும் கூடுதலாக ஏற்றும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலிமாத்திரை இரண்டு வகையிலும் கெடுதல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஏறும். ரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் ஏறும். மலச்சிக்கல் இருந்தால் ஏறும்; சிறுநீரகம் கைவிட்டபின் குடல்தான் கொஞ்சமாவது வெளியேற்றுகிறது. காய், பழம், கீரை எல்லாவற்றையும் நிறுத்தி, நாரே இல்லாத சாப்பாட்டைக் கொடுத்து, மலச்சிக்கலை வரவழைத்து, அதனாலேயே பொட்டாசியம் ஏறுவதும் உண்டு. ரத்தம் எடுக்கும்போது கையை அதிகம் இறுக்கினாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்தாலோ இல்லாத பொட்டாசியமும் இருப்பதாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கமான நடைமுறைதான். ஒரு வரி மறந்துவிடக் கூடாது: இதைப் படித்துவிட்டு அழுத்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

மருத்துவ உலகமும் இந்த விஷயத்தில் இறங்கி வந்திருக்கிறது. சிறுநீரக நோயாளிகளின் உணவு பற்றி 2020-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, எல்லோருக்கும் ஒரே பொட்டாசிய அளவு என்று விதிக்கவில்லை. ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் சரிசெய்யச் சொல்கிறது. 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டி ஒருபடி மேலே போய், சிறுநீரக நோயாளிகள் தாவர உணவைக் கூடுதலாகச் சாப்பிடுவதை ஆதரிக்கிறது. பொட்டாசியம் ஏறிய வரலாறு உள்ளவர்கள் எளிதில் ரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் நிறைந்த உணவுகளை, குறிப்பாகத் தொழிற்சாலையில் பதப்படுத்தியவற்றை, கட்டுப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அழுத்தம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 340, 508 என்று எண்கள் இருந்தால் அவை பொட்டாசிய உப்புகள். வழிகாட்டிகள் மாறிவிட்டன; நகலெடுத்த தாள்கள் மாறவில்லை.

போகிறபோக்கில் கல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தக்காளி மீதான வழக்குகளில் இதுதான் ஊரெங்கும் பிரபலம். தக்காளி விதை சிறுநீரகத்தில் போய்க் கல்லாகிறது என்பது வெறும் கதை. விதை குடல் வழியாக வெளியேறுமே தவிர, சிறுநீரகத்துக்குப் போக அதற்குப் பாதையே கிடையாது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் சொற்பம்; ஸ்பினாச் எனப்படும் பசலைக்கீரையில் அதைப்போலப் பல மடங்கு. கல் உள்ளவர்கள் செய்யவேண்டிய முதல் காரியம் நிறைய தண்ணீர் குடிப்பது, அடுத்தது உப்பைக் குறைப்பது. கல்லுக்கான ஆலோசனையும் சிறுநீரகச் செயலிழப்புக்கான ஆலோசனையும் நேர் எதிராகப் போகக்கூடியவை. அங்கே தண்ணீர் குடி என்பார்கள், இங்கே டயாலிசிஸ் நோயாளியிடம் அளந்து குடி என்பார்கள். இரண்டையும் 'கிட்னி பிரச்னை' என்று ஒரே பெயரில் அழைத்து, ஒருவர் தாளை இன்னொருவர் வாங்கிப் பின்பற்றுவது நடக்கிறது.

யாருக்கு எந்தத் தாள்?

சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் இருக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக உள்ள ஒருவர் தக்காளியை ஒதுக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அவருக்குக் காயும் பழமும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கத் துணை. வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் செய்ய வேண்டியவர், செலவாலும் தூரத்தாலும் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார் என்றால் இடைவெளி நாட்களில் அவர் உடம்பில் பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும். அவருக்குக் கட்டுப்பாடு கறாராக இருக்க வேண்டும். இன்றைக்கு டயாலிசிஸ் இருக்கிறதே, எதையும் சாப்பிடலாம் என்று அவர் கிளம்புவதும் ஆபத்துதான். சாப்பிட்டது ரத்தத்தில் ஏற நேரம் எடுக்கும், அதற்குள் இயந்திரம் நின்றிருக்கும்.

மூன்றாவது ஒரு வகையினர் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் வீட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள். இந்த முறையில் பொட்டாசியம் தினந்தோறும் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பலருக்கு அது தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அவர்களைப் பழமும் தக்காளியும் சாப்பிடச் சொல்லவேண்டி வரும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நல்ல திட்டம். தக்காளி விளையும் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் என்பது ஒரு பொருத்தம். ஆனால் ஹீமோடயாலிசிஸ்காரருக்கான தாள் அதே பைகளோடு வீட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் அது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியபோது, சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. தக்காளி இல்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று அன்றைக்குப் பத்திரிகைகளும் யூடியூப்பும் சொல்லிக்கொடுத்த குறிப்புகள் ஏராளம். விலைக்காக அவ்வளவு மெனக்கெட்ட சமூகம், நோய்க்காக அதில் பாதி மெனக்கெட்டால் போதும்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 இந்திய உணவுப் பொருட்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. 100 கிராம் கணக்கில், ஆங்கிலத்தில் இருக்கும் அந்த எண்களை ரசம் ஒரு கரண்டி, சாம்பார் ஒரு கரண்டி, காபி ஒரு டம்ளர் என்று தமிழ்ச் சமையலறையின் அளவுகளுக்கு மாற்றித் தரலாம். மருத்துவக் கல்லூரிகளின் உணவியல் துறைகளால் முடிகிற வேலை. ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பேச ஓர் உணவியல் நிபுணர் வேண்டும். நோயாளியும் ஒன்று செய்யலாம்: என் பொட்டாசியம் கடைசியாக எவ்வளவு இருந்தது, எனக்குக் கட்டுப்பாடு தேவையா, என் மாத்திரைகளில் அதை ஏற்றக்கூடியது எது என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். கேட்கத் தயங்கித்தான் நிற்கிறோம்.

உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலில் சோடியத்தைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. பொட்டாசியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாஸ், சூப் பொடி, உடனடி நூடுல்ஸ், சோடியம் குறைந்த உப்பு என்று எல்லாவற்றிலும் அதை அச்சிட உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டும். பொட்டாசியம் சேர்த்த உப்புப் பாக்கெட்டின் முன்பக்கத்தில், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில். மளிகைக் கடையில் அந்தப் பாக்கெட்டை எடுப்பது பெரும்பாலும் நோயாளி இல்லை. அவருக்குச் சமைத்துப் போடுகிறவர்.